சாப்பிட்டதைச் சொல்லும் தாள்: ஒரு கேள்விப் பட்டியல் பிறந்த கதை

சோடா, ஒரு கேன் அல்லது ஒரு டம்ளர். கடந்த ஓராண்டில் எத்தனை முறை குடித்தாய்? குடித்ததே இல்லையா, மாதத்துக்கு ஒன்று முதல் மூன்று கேனா, வாரத்துக்கு ஒன்றா, இரண்டு முதல் ஆறா, தினம் ஒன்றா, இரண்டுக்கும் மேலா? சரியான வட்டத்தைப் பென்சிலால் நிரப்பு. அடுத்தது பீட்சா. அதற்கடுத்தது உருளைக்கிழங்கு சிப்ஸ், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி, சிக்கன் நக்கெட், ஆரஞ்சுச் சாறு, கேரட். இப்படி நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட பண்டங்கள்.

1996-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் ஒன்பது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கு இப்படியொரு தாள் தபாலில் போயிற்று. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த ஆய்வில் சேர்ந்தார்கள். ‘குரோயிங் அப் டுடே ஸ்டடி’ என்று அதற்குப் பெயர். வளரும் பருவத்தில் உண்பது உடல் எடையையும் பிற்கால நோய்களையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்ப்பது நோக்கம்.

தாளைப் பார்த்தால் பள்ளித் தேர்வின் கொள்குறி வினாத்தாள் மாதிரி சாதாரணமாக இருக்கும். ஒரு மாலைப்பொழுதில் யாரும் எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதுவது உண்மையிலேயே எளிதுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்த வட்டங்களை நிரப்பிய பிறகு, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் பல ஆண்டுகள் பிடித்தன. இந்தத் தாள் பிறந்த கதை என்பது பெரும்பாலும் அதைச் சோதித்த கதை.

பெரியவர்களிடமிருந்து தொடங்கியது

மனிதர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டறியும் முறைகளுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வயது. ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியில் பெர்த்தா பர்க் என்ற உணவியல் வல்லுநர் கர்ப்பிணிகளையும் வளரும் குழந்தைகளையும் பற்றிய ஆய்வுகளுக்காக ‘உணவு வரலாறு’ என்னும் நீண்ட நேர்காணல் முறையை உருவாக்கினார். வழக்கமாக என்ன உண்கிறீர்கள் என்று விரிவாகக் கேட்பது, மூன்று நாள் உணவை எழுதி வரச் சொல்வது, பிறகு பண்டங்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு சொன்னது சரிதானா என்று ஒத்துப்பார்ப்பது ஆகிய மூன்றும் அதில் அடக்கம். 1947-இல் அதை விளக்கி அவர் எழுதிய கட்டுரை இத்துறையின் முன்னோடி ஆவணங்களில் ஒன்று. அதற்குச் சற்று முன்பே, 1942-இல், தெற்குக் கலிபோர்னியாவின் விமானத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் உணவைப் பற்றி டோரத்தி வீல் எழுதியிருந்தார். நேற்று ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும் ‘24 மணி நேர நினைவுகூரல்’ முறையின் தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக அது சொல்லப்படுகிறது.

இரண்டுமே நல்ல முறைகள். ஆனால் இரண்டுக்கும் பயிற்சி பெற்ற ஆள் எதிரே உட்கார வேண்டும். நூறு பேருக்குச் சரி, ஒரு லட்சம் பேருக்கு முடியாது. தவிர, நேற்றைய சாப்பாடு நேற்றைக்கு மட்டுமே சாட்சி. நேற்று கல்யாண வீட்டுக்குப் போனவரின் கணக்கும் நேற்று காய்ச்சலில் கஞ்சி குடித்தவரின் கணக்கும் அவர்களுடைய வழக்கமான உணவைக் காட்டாது. புற்றுநோயும் மாரடைப்பும் ஒரு நாள் சாப்பாட்டினால் வருவதில்லை. ஆண்டுக்கணக்கான பழக்கம் தெரிந்தாக வேண்டும்.

பர்க் ஒத்துப்பார்க்க வைத்திருந்த அந்தப் பட்டியலிலேயே அடுத்த முறைக்கான விதை இருந்தது. நேர்காணலை விட்டுவிட்டு, பட்டியலை மட்டும் கையில் கொடுத்து, ஒவ்வொன்றையும் எத்தனை நாளைக்கு ஒருமுறை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் என்ன? 1960-களின் தொடக்கத்தில் வீல், ரீட் ஆகியோரும், ஹார்வர்டில் ஸ்டெஃபானிக், ட்ரூல்சன் ஆகியோரும் இந்த ‘எத்தனை முறை’ வகைக் கேள்வித்தாளை எழுதிப் பார்த்தார்கள். கொஞ்ச காலம் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

அதற்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் செவிலியர்கள். 1976-இல் பாஸ்டனில் ஃபிராங்க் ஸ்பைசர் தொடங்கிய ‘நர்சஸ் ஹெல்த் ஸ்டடி’யில் ஏறத்தாழ 1,21,700 செவிலியர்கள் சேர்ந்திருந்தார்கள். கருத்தடை மாத்திரைகளின் விளைவுகளை அறிவதற்காகத் தொடங்கிய ஆய்வு அது. 1980-இல் வால்டர் வில்லெட்டும் உடன் பணியாற்றியவர்களும் அதில் உணவைப் பற்றிய தாளையும் சேர்த்தார்கள். 61 பண்டங்கள்தான். எல்லோரும் ஒரே அளவு சாப்பிடும் பண்டத்தைக் கேட்டுப் பயனில்லை. யார் அதிகம், யார் குறைவு என்று பிரித்துக் காட்டக்கூடிய பண்டங்களே பட்டியலில் இடம்பெற வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி.

சரி, செவிலியர்கள் நிரப்பி அனுப்பியது உண்மைதானா? பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த 173 பேரைக் கேட்டுக்கொண்டார்கள். ஓராண்டுக்குள் நான்கு தடவை, தடவைக்கு ஏழு நாள், வாயில் போடும் ஒவ்வொன்றையும் தராசில் எடை போட்டு எழுத வேண்டும். இந்த 28 நாள் குறிப்பேட்டோடு கேள்வித்தாளை ஒப்பிட்டார்கள். முடிவு 1985-இல் வெளிவந்தது. இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் ஒட்டுறவுக் கெழு, சத்துக்குச் சத்து 0.36 முதல் 0.75 வரை இருந்தது. முழுக்க ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0. ஆக, தாள் பொய் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை. பெரிய ஆய்வுக்கு அது போதும் என்று முடிவாயிற்று.

பிள்ளைகளிடம் போன தாள்

வயது வந்தவர்களுக்குப் போதும் என்று ஆன தாளைப் பிள்ளைகளிடம் அப்படியே கொடுத்துவிட முடியுமா? 1990-களின் தொடக்கத்தில் ஹார்வர்டைச் சேர்ந்த ஹெலெய்ன் ராக்கெட், ஆன் உல்ஃப், கிரஹாம் கோல்டிட்ஸ் ஆகியோர் எதிர்கொண்ட கேள்வி இது.

சின்னக் குழந்தை என்றால் அம்மாவைக் கேட்கலாம். பதின்ம வயதுப் பிள்ளையின் மதிய உணவு பள்ளிக்கூடத்தில் நடக்கிறது, மாலைத் தீனி நண்பன் வீட்டில் நடக்கிறது. அம்மாவுக்குத் தெரிந்தது இரவுச் சாப்பாடு மட்டும். ஆகவே பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். ஆனால் பிள்ளைக்குச் சமையல் தெரியாது. குழம்பில் எவ்வளவு எண்ணெய், ரொட்டியில் எந்த மாவு என்பதெல்லாம் அவனுக்கு எட்டாத சங்கதி. ‘கடந்த ஓராண்டில் சராசரியாக’ என்ற கேள்வியே அவன் மூளைக்குப் பெரிய வேலை. பள்ளி நாளில் ஒரு விதமாகவும் கோடை விடுமுறையில் வேறு விதமாகவும் சாப்பிடுவதை மனத்துக்குள்ளேயே கூட்டி வகுத்து ஒரு விடை சொல்ல வேண்டும். போதாததற்கு அந்த வயதின் வளர்ச்சி வேகம். ஆறு மாதத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்த பையனின் பசி, ஆறு மாதத்துக்கு முன்பிருந்த பசி இல்லை. உடம்பைப் பற்றிய கூச்சமும் அப்போதுதான் தலைகாட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், ஐம்பதாவது கேள்வியில் வரும் கொட்டாவி.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துச் செவிலியர் தாளை மாற்றி எழுதினார்கள். எத்தனை கிராம், எத்தனை அவுன்ஸ் என்று பிள்ளையைக் கேட்பதில் பொருளில்லை. எனவே பண்டம் இயல்பாக வரும் உருவமே அளவாயிற்று: ஒரு கேன் சோடா, ஒரு துண்டு பீட்சா, ஒரு சின்னப் பை சிப்ஸ். விடைகளும் பண்டத்துக்குப் பண்டம் மாறின. தினமும் பலமுறை குடிக்கக்கூடிய பாலுக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வரக்கூடிய பண்டத்துக்கு வேறொரு வரிசை. பெரியவர்களின் தாளில் ஓரமாக இருந்த நொறுக்குத் தீனிக்கு இங்கே பெரிய இடம் கிடைத்தது. வெளியே பொரித்த பண்டங்களை எத்தனை தடவை சாப்பிடுகிறாய், வாரத்தில் எத்தனை நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறாய் என்ற கேள்விகளும் சேர்ந்தன.

முதல் சோதனை எளிமையானது. ஒரே பிள்ளையிடம் ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை கொடுத்தால் ஒரே மாதிரி நிரப்புமா? பல இனங்களையும் சேர்ந்த, ஒன்பது முதல் பதினெட்டு வயது வரையான 179 பேரிடம் பார்த்தார்கள். 1995-இல் முடிவு வெளிவந்தது. சத்துகளில் புரதத்துக்கும் இரும்புக்கும் ஒட்டுறவு 0.26 மட்டுமே, கால்சியத்துக்கு 0.58. பண்டங்களில் இறைச்சிக்கு 0.39, சோடாவுக்கு 0.57.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு நிதானம் வேண்டும். இரண்டாவது முறை வேறு விடை வந்தால் தாள்தான் தவறு என்று சொல்லிவிட முடியாது. அந்த ஓராண்டில் பிள்ளையின் சாப்பாடே மாறியிருக்கலாம். பாலும் சோடாவும் பழக்கத்தில் ஊறியவை. தினமும் குடிப்பவர், குடிக்காதவர் என்ற பிரிவு அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும். கால்சியம் பெரும்பாலும் பாலிலிருந்து வருவதால் அதற்கும் நல்ல மதிப்பெண். இறைச்சியோ நூறு உருவத்தில் வருகிறது: பர்கருக்குள், பீட்சாவின் மேல், அம்மா சமைத்த கறியில். அதைக் கூட்டிச் சொல்வது பெரியவர்களுக்கே கடினம்.

எடைக்கல்லைச் சோதிப்பது எப்படி

ஒரே மாதிரி நிரப்புவது ஒன்று, சரியாக நிரப்புவது இன்னொன்று. கடைக்காரரின் எடைக்கல் பத்து முறை நிறுத்தாலும் ஒரே எடை காட்டலாம். கல்லே குறைவாக இருந்தால் பத்து முறையும் ஒரே மாதிரி தவறாகத்தான் காட்டும். கல்லைச் சோதிக்க அரசு முத்திரை போட்ட இன்னொரு கல் தேவை. சாப்பாட்டு விஷயத்தில் அந்த முத்திரைக் கல் எது?

வில்லெட் செவிலியர்களுக்கு எடை போட்ட குறிப்பேட்டைப் பயன்படுத்தினார். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தராசோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. அனுப்பினாலும், எடை போட வேண்டும் என்ற காரணத்துக்காகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே ராக்கெட் குழு 24 மணி நேர நினைவுகூரலைத் தேர்ந்தெடுத்தது. 261 பிள்ளைகளிடம் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். இடையே மூன்று முறை, நேற்று என்ன சாப்பிட்டாய் என்ற விரிவான நேர்காணல். 1997-இல் முடிவு வந்தது.

மொத்தக் கலோரியின் சராசரியைப் பார்த்தால் இரண்டு வழியிலும் ஏறத்தாழ ஒரே எண், நாளொன்றுக்கு 2,200-ஐ ஒட்டி. சத்துகளைத் தனித்தனியே ஒப்பிட்டபோது ஒட்டுறவு சோடியத்துக்கு 0.21, ஃபோலேட்டுக்கு 0.58, மற்றவை இடையில். சோடியம் கடைசியில் நின்றதில் வியப்பில்லை. உப்பு போடுகிற கை பிள்ளையுடையது இல்லை. ஒரே பெயருள்ள சூப் ஒரு பிராண்டில் ஓர் அளவும் இன்னொன்றில் வேறோர் அளவுமாக உப்பைச் சுமந்து வருகிறது.

இங்கே ஒரு கணக்குத் திருத்தமும் நடந்தது. மூன்று நாள் நேர்காணல் ஒரு பிள்ளையின் வழக்கமான உணவுக்கு முழுச் சாட்சி ஆகாது. நாளுக்கு நாள் ஏற்படும் ஏற்ற இறக்கம் ஒட்டுறவை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணித்துக் கழித்தபின் சராசரி ஒட்டுறவு 0.54 ஆயிற்று. பெரியவர்களின் தாளுக்குக் கிடைத்ததும் அதே அளவுதான். ‘யூத் அடலசன்ட் கொஸ்டினேர்’ என்ற பெயரில் அந்தத் தாள் ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்தது இந்தச் சான்றிதழோடுதான். பெயரை ஒய்.ஏ.க்யூ. என்று சுருக்கிச் சொல்வது வழக்கமாயிற்று.

ஆனால் சான்றிதழில் வயதைக் கவனிக்க வேண்டியிருந்தது. 1999-இல் அலிசன் ஃபீல்டும் குழுவினரும் பாஸ்டன் நகரின் உட்பகுதிப் பள்ளிகளில் நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை இந்த வகைத் தாளைச் சோதித்தார்கள். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் விடைகள் ஓரளவு தேறின. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விடைகள் தெளிவாகவே பின்தங்கின. ஒரே தாள், ஒரே ஊர், இரண்டு வயது வித்தியாசம். ஓராண்டு உணவைச் சராசரியாக்கிச் சொல்லும் திறன் மனத்தில் எப்போது முளைக்கிறது என்பதும் அந்தச் சோதனையில் மறைமுகமாக வெளிப்பட்டது.

எடைக்கல்லிலும் குறை

இனி ஒரு சங்கடமான கேள்வி. கேள்வித்தாளும் நினைவை நம்புகிறது. அதைச் சோதித்த நேர்காணலும் நினைவையே நம்புகிறது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால்? சிப்ஸ் தின்றதைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை தாளிலும் மறைக்கும், நேரிலும் மறைக்கும். இரண்டு பொய்யும் அழகாக ஒத்துப்போகும். ஒட்டுறவு உயரும், உண்மை வெளியே நிற்கும்.

நேர்காணலை நம்பலாமா என்று பார்க்கப் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்துக்கே போனார்கள் சூசன் பாக்ஸ்டர் குழுவினர். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் காலை உணவையும் மதிய உணவையும் சாப்பிடும்போது பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலிருந்து கவனித்துக் குறித்துக்கொண்டார்கள். யார் எதை மிச்சம் வைத்தது, யார் எதை நண்பனுக்குத் தள்ளிவிட்டது எல்லாம் குறிப்பில் வந்தது. பிறகு பிள்ளைகளிடம் கேட்டார்கள். 2002-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், உண்மையில் சாப்பிட்டவற்றில் சராசரியாக 51 சதவீதத்தைப் பிள்ளைகள் சொல்லாமல் விட்டிருந்தார்கள். சொன்னவற்றில் 39 சதவீதம் தட்டில் இல்லாதவை. ஏமாற்றும் எண்ணம் இதில் இல்லை. பள்ளிச் சாப்பாடு தினம் தினம் ஒன்றுபோல் வருவதால் செவ்வாய்க்கிழமைத் தட்டும் வியாழக்கிழமைத் தட்டும் நினைவில் கலந்துவிடுகின்றன.

நினைவை அறவே தொடாத ஓர் அளவை வேண்டியிருந்தது. அது வந்தது வேறு துறையிலிருந்து. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிஃப்சன் என்ற உடலியல் அறிஞர் உருவாக்கிய முறை அது. சாதாரணத் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் பதிலாகச் சற்றுக் கனமான, கதிர்வீச்சு இல்லாத ஐசோடோப்புகளை ஏற்றிய நீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். கனமான ஹைட்ரஜன் சிறுநீர், வியர்வை என்று நீராக மட்டுமே உடலைவிட்டு வெளியேறும். கனமான ஆக்சிஜனோ நீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். இரண்டும் குறையும் வேகத்தைச் சிறுநீர் மாதிரிகளில் ஒன்றிரண்டு வாரம் அளந்தால், வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு கரியமில வாயு. அதிலிருந்து உடல் எரித்த சக்தியைக் கணக்கிடலாம். 1950-களில் எலிகளில் நிரூபணமான இந்த முறையை 1982-இல் டேல் ஷோலர் மனிதர்களுக்குக் கொண்டுவந்தார்.

தர்க்கம் எளிது. எடை பெரிதாக மாறாத ஒருவர் எரித்த சக்தி அவ்வளவும் சாப்பாட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வளரும் பிள்ளை உடம்பில் சேர்த்துக்கொள்ளும் பங்கு சிறியது, அதற்குத் திருத்தம் போட்டுக்கொள்ளலாம். சொன்ன கணக்கும் எரிந்த கணக்கும் இடித்தால் சொன்ன கணக்கில்தான் ஓட்டை.

ஓட்டை பெரிதாகவே இருந்தது. 1990-இல் லிண்டா பண்டீனி குழுவினர் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை இரண்டு வாரம் உணவுக் குறிப்பெழுத வைத்து, இந்த நீரால் சரிபார்த்தார்கள். சராசரி எடையுள்ளவர்கள் தாங்கள் எரித்த சக்தியில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்குத்தான் கணக்குக் காட்டியிருந்தார்கள். உடல் பருமன் உள்ளவர்கள் 60 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து வட அயர்லாந்தில் பார்பரா லிவிங்ஸ்டன் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டார். ஏழு, ஒன்பது வயதில் பெற்றோர் துணையோடு எழுதிய எடைக் குறிப்பேடு உண்மையோடு நன்றாக ஒத்துப்போயிற்று. வயது ஏற ஏறக் கணக்குக் குறைந்தது. பதினைந்து, பதினெட்டு வயதில் ஏறத்தாழ கால்பங்கு காணாமல் போயிருந்தது.

நினைவுத் திறன் வளரும் வயதில் கணக்கு மோசமாகிறது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்குக் குறை நினைவில். பெரிய பிள்ளைக்கு நினைவு போதும், சொல்ல மனமில்லை, அல்லது எழுதப் பொறுமையில்லை. கேள்வித்தாள் எழுதுபவர் இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே மருந்து கொடுக்க முடியாது.

ஒய்.ஏ.க்யூ.வும் இந்த நீர்ச் சோதனைக்கு உட்பட்டது. எட்டரை முதல் பதினாறு வயது வரையுள்ள 50 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. குழுவின் சராசரியைப் பார்த்தால் தாளும் நீரும் ஏறத்தாழ ஒரே எண்ணைச் சொல்லின. தனித்தனிப் பிள்ளைகளைப் பார்த்தபோது கதை மாறியது. சிலர் உண்மையைவிட நாளொன்றுக்கு 1,500 கிலோ கலோரி வரை குறைத்துச் சொல்லியிருக்கலாம், வேறு சிலர் அதே அளவு கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்ற அளவுக்கு இடைவெளி அகன்றிருந்தது. ஒரு நாள் உணவில் பாதிக்கு மேல் அது. கூட்டியதும் குறைத்ததும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால்தான் சராசரி அவ்வளவு அழகாக வந்தது. உடம்பில் கொழுப்பு அதிகமுள்ள பிள்ளைகள் குறைத்துச் சொல்லும் போக்கும் தெரிந்தது.

அப்படியானால் எதற்கு இந்தத் தாள்

இவ்வளவு பிழை என்று தெரிந்தபின் தூக்கிப் போட்டிருக்கலாமே? போடவில்லை. காரணம், பிழையின் அளவும் திசையும் தெரிந்துவிட்டன. தெரிந்த பிழையோடு வேலை செய்யலாம்.

முதலாவது, இந்தத் தாள் ஒரு பிள்ளையிடம் ‘நீ 1,900 கலோரிதான் சாப்பிடுகிறாய்’ என்று சொல்வதற்கு உதவாது. ஆயிரம் பிள்ளைகளை, சோடா அதிகம் குடிப்பவர் முதல் குறைவாகக் குடிப்பவர் வரை, ஏறத்தாழச் சரியாக வரிசைப்படுத்த உதவும். 0.54 என்ற எண்ணுக்கு உரிய வேலை அந்த வரிசைதான். இரண்டாவது, மொத்தக் கலோரியில் சொல்லும் பொய் எல்லாச் சத்துக்கும் பரவுகிறது என்பதால், சத்தை மொத்தக் கலோரியோடு ஒப்பிட்டு விகிதமாகப் பார்ப்பது வழக்கமாயிற்று. மூன்றாவது, தாறுமாறான பிழை உண்மையான தொடர்பை மங்கச் செய்யும். தாளில் சிறிய தொடர்பு தெரிந்தால் உண்மையில் அது இன்னும் பெரிதாக இருக்கலாம். எந்தத் தொடர்பும் தெரியவில்லை என்றால், இல்லை என்று அடித்துச் சொல்லக் கூடாது.

மங்கிய கண்ணாடி வழியாகவும் சில விஷயங்கள் தெரிந்தன. 2001-இல் டேவிட் லுட்விக், கேரன் பீட்டர்சன், ஸ்டீவன் கோர்ட்மேக்கர் ஆகியோர் மாசசூசெட்ஸ் பள்ளிகளில் சராசரியாகப் பதினொன்றே முக்கால் வயதுள்ள 548 பிள்ளைகளை 19 மாதம் பின்தொடர்ந்து எழுதினார்கள். உணவை அளந்தது இந்தப் பிள்ளைகள் தாளால்தான். சர்க்கரை சேர்த்த பானத்தை நாளொன்றுக்கு ஒரு முறை கூடுதலாகக் குடித்தவர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 0.24 ஏறியது, பருமனாகும் வாய்ப்பு 1.6 மடங்காயிற்று. சோடா என்ற கேள்விக்கு 1995-இலேயே நல்ல மதிப்பெண் கிடைத்திருந்ததை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தாளின் மிகப் பலமான வரிசையைக் கொண்டு கேட்ட கேள்வி அது. இதே முடிவைச் சோடியத்தைப் பற்றி எழுதியிருந்தால் அவ்வளவு எளிதில் நம்பியிருக்க முடியாது.

2000-இல் மாத்யூ கில்மன் குழுவினர் பதினாறாயிரம் பிள்ளைகளின் ஆய்விலிருந்து குடும்பத்தோடு சாப்பிடுவதைப் பற்றி எழுதினார்கள். ஒன்பது வயதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தினமும் வீட்டாருடன் இரவு உணவு சாப்பிட்டார்கள். பதினான்கு வயதில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. வீட்டாரோடு சாப்பிட்டவர்கள் காய்கனிகளை அதிகமும் பொரித்ததையும் சோடாவையும் குறைவாகவும் குறித்திருந்தார்கள். இதிலும் ஓர் எச்சரிக்கை பொருந்தும்: ஒழுங்கான குடும்பத்துப் பிள்ளைகள் ஒழுங்கான விடையை எழுதும் ஆசையும் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கலாம்.

ஊர் மாறினால் மறுபிறவி

இந்தக் கதையை அமெரிக்காவோடு முடித்துவிட முடியாது. கேள்வித்தாள் ஊரின் சாப்பாட்டுக்குக் கட்டுப்பட்டது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் கரீன் ஃபெரேக்கன் குழுவினர் பட்டியலை விட்டுவிட்டு, பிள்ளைகளே கணினியில் நேற்றைய உணவைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையை எழுதினார்கள். 2005-இல் அதன் சோதனை முடிவுகள் வந்தன. அதன் வழித்தோன்றல் பின்னர் ஐரோப்பாவின் பத்து நகரங்களில் பதின்ம வயதினரை ஆராய்ந்த ‘ஹெலினா’ ஆய்வுக்குப் போயிற்று.

நம்மூரில் ஒரு கேன், ஒரு துண்டு, ஒரு பை என்ற அளவு எத்தனை பண்டத்துக்குச் செல்லும்? சோறு பாத்திரத்திலிருந்து கரண்டியால் வருகிறது, சாம்பார் மேலே ஊற்றப்படுகிறது, மறுசோறு கேட்காமலே விழுகிறது. 1972-இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு இதற்காகத்தான் அளவு குறித்த கிண்ணங்களை வீட்டுக்கு வீடு எடுத்துச் சென்று 24 மணி நேர உணவைக் கேட்டது. சென்னையில் மோகன் நீரிழிவு ஆராய்ச்சிக் குழுவினர் தென்னிந்திய நகரத்துப் பெரியவர்களுக்காக 222 பண்டங்கள் கொண்ட கேள்வித்தாளை எழுதி, அதன் நம்பகத்தை 24 மணி நேர நினைவுகூரலோடு ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்டார்கள். அது பெரியவர்களுக்கானது, நேர்காணல் எடுப்பவர் கேட்டு நிரப்புவது. அதை எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் கொடுத்தால் வேறு தாள் ஆகிவிடும். பள்ளி வாசல் தள்ளுவண்டிப் பண்டங்களும், டியூஷன் போகும் வழியில் வாங்கும் பாக்கெட்டுகளும், சத்துணவுத் தட்டும் பட்டியலுக்குள் வர வேண்டும். பிறகு ராக்கெட் குழு செய்த அத்தனை சோதனைகளும் முதலிலிருந்து நடக்க வேண்டும்.

பதின்ம வயதினர் இதைச் சாப்பிட்டால் இது நடக்கும் என்று வாரம் ஒரு செய்தி வருகிறது. படிப்பவர் இரண்டே கேள்வி கேட்டால் போதும். எந்தத் தாளால் அளந்தார்கள்? அந்தத் தாளை இதே வயதுப் பிள்ளைகளிடம், இதே மாதிரிச் சாப்பாடு உள்ள ஊரில், எதோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்? சோதிக்காத தாளில் வரும் எண்ணும், சோதித்த தாளில் வரும் எண்ணைப் போலவே, தசமப் புள்ளியோடுதான் அச்சாகும். எதை நம்பலாம் என்பதை எண் சொல்லாது. அந்தத் தாள் எப்படிப் பிறந்தது என்று விசாரித்தால்தான் தெரியும்.